மாப்பிள்ளை சொல்லாத வாக்கியம்

என் அன்பு மாப்பிள்ளை தணிகாசலத்துக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். இருந்தாலும் பழக்கத்தில் கை அப்படித்தான் எழுதப் பார்க்கிறது. நம் கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன். எப்படி ஆரம்பித்தாலும் அது உன்னைப் புகழ்வதிலேயே போய் முடிந்தது. உன்னைப் புகழ ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அதனால் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுத உட்கார்ந்தேன். இதையே மலருக்கு அனுப்பப் போகிறேன், மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. வேதா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிக்கிறது என்கிறாள், ஆனால் மாடிக்குப் போய் வடகம் காயவைக்காமல் இருக்க மாட்டாள். நீ வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட கதவு பாலிஷ் வேலையை உன் முதல் வருடத் திதிக்கு முன்பு செய்து முடித்துவிட்டோம். கோபாலபுரத்து வீட்டின் தேக்குக் கதவுகள் இப்போது முகம் பார்க்கலாம்போல் இருக்கின்றன. அந்தப் பாலிஷ் வேலையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கூடத்தில் உன் படம் மாட்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறாய். நான் உள்ளே நுழையும்போதெல்லாம், "வாடா ஏகா, இன்னும் பஸ்ஸுலதான் வர்றியா?" என்று கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஆமாம் மாப்பிள்ளை, திருவான்மியூரிலிருந்து பஸ்ஸில்தான் வருகிறேன். செத்த பிறகும் உனக்குத்தான் நல்ல இடம், மின்விசிறிக்கு நேர் எதிரே.

நான் பொறாமைக்காரன் என்பது உனக்குத் தெரியுமா? தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாயா? ஒரே வகுப்பில் படித்தோம். நீ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாய். நோயாளியைத் தொட்டால் கை நடுங்குகிற நான் உயிர்வேதியியல் படித்துவிட்டுச் சோதனைக் குழாய்களோடு இருந்துவிட்டேன். உன் மாணவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து உன் காலில் விழுந்தார்கள். என் மாணவர்கள் எதிரே பார்த்தால், "சார், நீங்க எங்களுக்கு எந்த சப்ஜெக்ட்?" என்று கேட்பார்கள். போதாததற்கு என் கூடப்பிறந்த தங்கை வேதாவும் உன்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரே பாட்டு.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்த வீடியோவைத்தான் பொறுக்க முடியவில்லை.

உனக்கு நினைவிருக்கும். எங்கோ ஒரு ஊரில் விஷச்சாராயம் குடித்துப் பலர் செத்தபோது உன்னைத் தொலைக்காட்சியில் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். நீ மேஜையைத் தட்டிச் சொன்னாய்: "கெட்ட சாராயத்துக்கு நல்ல சாராயம்தான் மருந்து! துண்டு போட்டு சீட்டைப் புடிச்சிரும்!" கேள்வி கேட்ட பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் இசை சேர்த்து, யாரோ ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். நீ போன பிறகு அதில் உன் படத்தைச் சுற்றி மாலையும் போட்டுவிட்டார்கள்.

அந்தத் துண்டு யாருடையது மாப்பிள்ளை?

கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து, உயிர்வேதியியல் தலையில் ஏறவில்லை என்று நீ புலம்பியபோது நான்தான் சொன்னேன். தி. நகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லையா, ஈரலில் இருக்கும் நொதி அந்த சீட்டு மாதிரி என்றேன். மெத்தனால் என்கிற விஷச்சாராயம் நின்றுகொண்டு வருகிறவரை பெரிய கெடுதல் இல்லை. அதற்கு சீட்டுக் கிடைத்துவிட்டால்தான் ஆபத்து. உட்கார்ந்ததும் அது வேறு ஆளாகிவிடும். எறும்புக் கடியில் இருக்கிற அதே அமிலமாக மாறி, ரத்தத்தைப் புளிக்க வைத்து, கண் நரம்பைப் போய்க் கடிக்கும். குடிக்கிற சாராயம் முந்திக்கொண்டு சீட்டைப் பிடித்துவிட்டால் மெத்தனால் நின்றபடியே வந்து இறங்கிப் போய்விடும். நீ வடையைக் கடித்துக்கொண்டே, "டேய், இதை வாத்தியார் இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏண்டா பெயில் ஆவறேன்?" என்றாய்.

தொலைக்காட்சியில் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் அந்த நிகழ்ச்சி முடியும்வரை ரிமோட்டைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் முடிவெட்டப் போனேன். கடைக்காரர் அந்த வீடியோவைக் காட்டினார். "சார், இவரு உங்க மச்சானாமே? செம்ம ஆளு சார்!" என்றார். ஆமாம் என்றேன். "நீங்களும் டாக்டரா?" என்றார். உயிர்வேதியியல் என்றேன். அவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "ஓ, மெடிக்கல் ஷாப்பா சார்?" என்றார். நான் தலையை அசைக்கவில்லை. அசைத்தால் காது போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாலிஷ் வேலைக்கு ஜமால் பாய் என்கிற மேஸ்திரியை அமர்த்தியிருந்தோம். பொறுமையான மனிதர். அவரிடம் செல்வம் என்று ஒரு ஆள். ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருக்கிறான், கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தில் தோய்த்து, மரத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். அந்த ஸ்பிரிட்டை ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ ஒரு பட்டறையிலிருந்து கேனில் வாங்கி வந்திருந்தார்கள். வேலையை மேற்பார்வை பார்க்கச் சொல்லி வேதா என்னைக் கூப்பிட்டிருந்தாள். எனக்கு மேற்பார்வை என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மதுக்கடைகளுக்கு லீவு. மறுநாள் காலையில் செல்வம் பூஜையறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே பலகையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜமால் பாய் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"இன்னாடா, அதே எடத்தையே தேய்ச்சிக்கினு கீறே? மரத்துக்கு மசாஜா பண்றே?"

"தலை ரெண்டா பொளக்குது பாய்."

"கடை லீவு நாள்ல கூட உனக்கு எங்கேந்துடா கெடச்சிச்சு?"

செல்வம் கையிலிருந்த துணிப் பந்தைக் கீழே போட்டான். எழுந்துபோய் வாசல் சாக்கடையில் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தவன் என்னைப் பார்த்து, இல்லை, நான் இருந்த பக்கம் பார்த்துக் கேட்டான்: "சார், யாரு சார் சாம்பிராணி போட்டது? வூடு ஃபுல்லா ஒரே பொகையா கீது."

வீட்டில் யாரும் சாம்பிராணி போடவில்லை மாப்பிள்ளை.

புத்தகத்தில் இதைப் பனிமூட்டம் என்று எழுதியிருப்பார்கள். நான் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். பனியையே பார்க்காத ஊரில், பூஜையறை வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு அது சாம்பிராணிப் புகையாகத் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் புரிந்தது.

"நேத்து என்னப்பா குடிச்சே?" என்று கேட்டேன். அவன் ஜமால் பாயைப் பார்த்தான். ஜமால் பாய் ஸ்பிரிட் கேனைப் பார்த்தார்.

"அடப்பாவி! இதையாடா குடிச்சே?"

"கொஞ்சந்தான் பாய். சோடா ஊத்திக்கினேன்."

"கொஞ்சம்னா?"

"ஒரு டம்ளரு. அப்பறம் அதுக்குத் தொணையா ஒண்ணு. இன்னா பாய், நைட்டு ஒண்ணும் ஆவலியே. சோக்காத் தூங்கினேன்."

அதுதான் இதில் உள்ள சூது. குடித்தவனை முதல் ராத்திரி நன்றாகத் தூங்க வைக்கும். ஈரல் தன் வேலையை மெதுவாகச் செய்து அமிலத்தைச் சேர்க்கிறவரை ஒன்றும் தெரியாது. மறுநாள் வரும் தலைவலியைப் பார்த்து எல்லோரும் குடித்த மயக்கம் தெளியவில்லை என்று நினைப்பார்கள்.

சத்தம் கேட்டு வேதா வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. நேரே உன் அறைக்குப் போனாள். உன் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெளிநாட்டிலிருந்து உன் மாணவன் யாரோ கொண்டுவந்து கொடுத்த விஸ்கி பாட்டிலோடு வந்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரும் கையில் இருந்தது.

"இதை ஊத்திக் குடுத்தாப் போதும்ண்ணா. அவர்தான் டி.வி.லயே சொல்லியிருக்காரே."

"கரெக்ட்டும்மா!" என்றார் ஜமால் பாய். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர் அவர். "நானும் பாத்துருக்கேன். ஐயா சொன்னாருல்ல, துண்டு போட்டு சீட்டைப் புடிச்சிரும்னு!"

நான் கேன்டீனில் போட்ட துண்டு, இத்தனை வருடம் கழித்து என் முகத்திலேயே வந்து விழுந்தது.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்கு அந்த நேரத்தில் உடனே பதில் தெரியவில்லை. இதுதான் என் குணம். பாட்டிலில் இருப்பது மருந்துதான் என்பது பொய்யில்லையே என்று ஒரு மனம் சொன்னது. எவ்வளவு குடித்தான், எவ்வளவு அமிலமாகிவிட்டது, எவ்வளவு கொடுத்தால் போதும், வாந்தி எடுக்கிறவன் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடாதா என்று இன்னொரு மனம் வரிசையாகக் கேட்டது. மாறிவிட்ட அமிலத்தை எந்த விஸ்கியும் திரும்ப எடுக்காது. அதற்கு மருந்து வேறு, இயந்திரம் வேறு. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. உன் வீட்டில், உன் படத்துக்குக் கீழே, உன் வார்த்தைக்கு எதிராக நான் பேசுவதா?

அப்போது ஜமால் பாய் மின்விசிறிக்குக் கீழே ஒரு பாயை விரித்தார். "ஊத்திட்டுப் படுக்க வெச்சிரலாம்மா. தூங்கி எழுந்தான்னா சரியாப்பூடும்."

அந்தப் பாயைப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. அதில் படுத்தால் செல்வம் எழுந்திருக்க மாட்டான். எழுந்தாலும் தன் பெண் குழந்தைகளின் முகம் அவனுக்குத் தெரியாது.

"வேண்டாம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். வேதா டம்ளரில் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்ண்ணா. நீ லேப்ல உக்காந்திருந்தவன். அவர் எத்தனை பேரை இதுலேர்ந்து காப்பாத்தியிருக்கார் தெரியுமா?"

"தெரியும் வேதா. ஆனா..."

"ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. அந்தப் புள்ளைக்குக் கண்ணு போவுது, நீ பாடம் நடத்தறியே."

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் புரியவில்லை. நீ தட்டுகிற மாதிரியே மேஜையைத் தட்டினேன். கை வலித்தது. "தணிகா என்கிட்ட சொல்லியிருக்கான்!" என்று கத்தினேன். "வீட்ல ஊத்துனா அது சாராயம். ஆஸ்பத்திரியில ஊத்துனாத்தான் அது மருந்து. அவன் வாயால சொன்னான்!"

நீ அப்படிச் சொன்னதே இல்லை மாப்பிள்ளை. அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது அது.

வேதா டம்ளரைக் கீழே வைத்தாள். பாட்டில் மூடியைத் திருகினாள். என் தாய் வயிற்றில் பிறந்தவள், என் சொல் எதற்கும் அசையாதவள், நீ சொல்லாத சொல்லுக்கு அசைந்துவிட்டாள். "அவரா சொன்னார்? எப்போண்ணா?" என்று மெல்லக் கேட்டாள். பெசன்ட் நகர் பீச்சில் நடந்தபோது என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்கு இடமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜமால் பாய் அதற்குள் ஆட்டோ பிடிக்க ஓடிவிட்டார்.

ஆட்டோக்காரர் செல்வத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னா சார், காலங்காத்தாலயே ஃபுல்லா? வாந்தி எடுத்தா நீங்கதான் கழுவணும், சொல்ட்டேன்."

"கண்ணு போவுதுடா டேய், ஓட்டு!" என்றார் ஜமால் பாய்.

"கண்ணா? இத்த மொதல்லியே சொல்றதில்ல நைனா?" என்றவர் அதன் பிறகு எந்த சிக்னலையும் மதிக்கவில்லை.

வழியெல்லாம் செல்வம் மாடிப்படி ஏறி வந்தவன்போல் மூச்சு வாங்கினான். ரத்தத்தில் ஏறிய அமிலத்தை உடம்பு மூச்சு வழியாக வெளியேற்றப் பார்க்கிறது. பாடத்தில் ஒரு வரி அது. என் தோளில் சாய்ந்து கொண்டு ஒருவன் அந்த வரியைச் செய்யும்போது எவ்வளவு சத்தமாக இருக்கிறது தெரியுமா? உனக்குத் தெரியும். நீ தினமும் கேட்டிருப்பாய். அதற்காகவும் எனக்கு உன்மேல் பொறாமை வந்தது, அந்த ஆட்டோவிலேயே. உன் நாட்கள் எல்லாம் இப்படித்தான் உயிரோடு கழிந்தனவா? என் நாட்களில் யாரும் என் மேல் சாய்ந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். நான் முன்னால் போய், மெத்தனால், பார்வை மங்கல், ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும், உடனே பார்க்க வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னேன். "தள்ளி நில்லுங்க தாத்தா, பார்த்துட்டுத்தானே இருக்கேன்" என்றாள். நியாயம்தான், கூட்டம் அப்படி. பிறகு வேறு வழியில்லாமல், "நான் டாக்டர் தணிகாசலத்தோட மச்சான்" என்றேன்.

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"தணிகாசலம் சார் வீட்டாளுங்களா? எங்களுக்கு கிளாஸ் எடுத்தார் சார்! பஸ், சீட்டு, துண்டு, மறக்கவே முடியாது!" அந்தத் துண்டு என்னுடையதம்மா என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதை விழுங்கவும் நேரம் பிடித்தது.

ஆனால் அவள் வேலை தெரிந்தவள், மாப்பிள்ளை. நீ நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். கூடக் குடித்தவர்கள் யார், அவர்களுக்கு இப்போது ஒன்றும் தோன்றாவிட்டாலும் அழைத்து வர வேண்டும் என்று முதலில் செல்வத்தைத்தான் கேட்டாள். "யாருமில்ல டாக்டரம்மா. இருந்ததே ரெண்டு டம்ளரு, அதுல எங்க பங்கு வைக்கறது?" என்றான் அவன் மூச்சு வாங்கிக்கொண்டே. ரத்தம் எடுத்தார்கள். அமிலத்தைத் தணிக்கச் சோடா உப்பு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். சீட்டை அடைப்பதற்கென்றே தனி மருந்து ஒன்று உண்டு, அது அன்றைக்குக் கையிருப்பில் இல்லை என்று, அளந்து கலந்த சாராயத்தை மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அடிக்கடி பார்த்து, கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். அமிலம் சீக்கிரம் கழிய ஃபோலினிக் அமிலம் என்கிற வைட்டமின் வகை ஊசி போட்டார்கள். பிறகு டயாலிசிஸ். உட்கார்ந்ததையும் நின்றதையும் சேர்த்து அந்த இயந்திரம்தான் இறக்கிவிட்டது.

இடையில் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "வீட்டிலேயே ஏதாவது ஊத்திக் குடுத்தீங்களா சார்?"

"இல்லைம்மா."

"நல்ல வேளை. இப்பல்லாம் சார் வீடியோவைப் பார்த்துட்டு ஒரு குவார்ட்டரை ஊத்தி, படுக்க வெச்சிட்டு, மறுநாள் தூக்கிட்டு வர்றாங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது." அதைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்தது. உன்னைக் குறை சொல்வதாக நான் நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று பயந்தாள்போலும்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான், ஆனால் நல்ல முழுச் சந்தோஷம். நீயும் தவறு செய்வாய் என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிட்டார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் செல்வத்தின் மனைவி இரண்டு பெண்களையும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். சின்னவள் அம்மாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நீ முழுதாகத்தான் பேசினாயா? "ஆஸ்பத்திரியில்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்து, அவர்கள் வெட்டிவிட்டார்களா? அல்லது கேள்வி கேட்டவள் சிரித்ததும் அங்கேயே நிறுத்திவிட்டாயா? முழு நிகழ்ச்சியையும் நான் அன்றைக்கே பார்த்தேன். ஆனால் என் பெயர் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததால் மற்றது காதில் விழவில்லை.

செல்வம் பிழைத்துக்கொண்டான். இடது கண் பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் ஏதோ அழித்த மாதிரி இருக்கிறது என்கிறான். பாலிஷ் வேலைக்குப் போகிறான். குடிக்கவில்லை என்று அவன் மனைவி சொல்கிறாள். ஜமால் பாய் ஸ்பிரிட் கேனைப் பூட்டி வைக்கிறார்.

உன் திதியன்று செல்வம் பெரிய ரோஜா மாலையோடு வந்தான். நான் உன் படத்துக்குக் கீழே ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். "சார், கொஞ்சம் நவுருங்க. நடுவுல மறைக்கிது, ஐயா மொகம் தெரில" என்றான். நகர்ந்தேன். மாலையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஐயா மட்டும் அன்னிக்கு சார்கிட்ட சொல்லிட்டுப் போவலேன்னா நான் குருடன் சார்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பீச்சில் நீ அதைச் சொன்ன விதத்தை விவரித்தாள். எந்த பெஞ்சு என்றுகூடச் சொன்னாள். இப்போது அந்த வாக்கியத்தையும் உன் படத்தோடு சேர்த்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு சமையலறைக்குப் போனேன். வேதா பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள்.

"வேதா, அவன் அப்படிச் சொல்லலை."

"எப்படி?"

"வீட்ல ஊத்துனா சாராயம்னு. அது நான் சொன்னது. நானா சொன்னது. நீ கேட்க மாட்டேங்கறியேன்னு அவன் பேரைப் போட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"அண்ணா, உனக்கு அவர் மேல எப்பவுமே ஒரு இது. எனக்குத் தெரியாதா? அவர் செத்துப் போயும் அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கப் பார்க்கறியே."

"சத்தியமா நான்தான் வேதா."

"போண்ணா. அது அவர் பேச்சு. மேஜையைத் தட்டிச் சொல்ற மாதிரி இருக்கு. நீ எப்போ அப்படிப் பேசியிருக்கே? பாயசம் இருக்கு, குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். இனிப்பு கொஞ்சம் கூடுதல்.

இந்த மலரைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள். எனக்கு வேண்டிய நீதிமன்றம் இது ஒன்றுதான். அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்: துண்டு என்னுடையது, வாக்கியமும் என்னுடையது. மனம் ஆறும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தும் ஆறவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று ஜமால் பாய் போனில் கூப்பிட்டார். பின்னால் வண்டிச் சத்தம். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் யாரோ அதே மாதிரி ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டானாம்.

"சார், ஒண்ணும் ஊத்தல சார். ஐயா சொன்னாப்போல நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கினு கீறோம். கண்ணு இன்னும் நல்லாத்தான் தெரியுதாம். வேற எதுனா செய்யணுமா?"

"அந்தக் கேனைக் கையோட எடுத்துட்டுப் போங்க பாய். என்ன குடிச்சான்னு டாக்டருக்குத் தெரியணும். கூடக் குடிச்சவன் எவனாவது இருந்தா, எனக்கு ஒண்ணும் இல்லேன்னு சொன்னாலும் இழுத்துட்டுப் போங்க. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க."

ஜமால் பாய் அப்படியே வண்டியில் இருந்தவர்களுக்கு உரக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "இதுவும் ஐயா சொல்லிட்டுப் போனதா சார்?"

அந்த வண்டியில் இருப்பவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. பாதி வழியில் ஒருவன், பரவாயில்லை, இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லலாம். நான் யார் அவர்களுக்கு?

"ஆமாம் பாய்" என்றேன். "அதையும் அவன்தான் சொன்னான்."

அவர்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடக் குடித்தவனும் போயிருக்கிறான். இருவருக்கும் கண் தெரிகிறது.

ஆகவே மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இதில் எனக்குத் தெரிந்தது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், அதை உன் பெயரிலேயே சொல்வேன். மேஜை இருந்தால் தட்டியும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்துகொண்டுதான் சொல்வேன். அதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன் வேதாவுக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
ஏகாம்பரம்